கழுத்து மட்டுமா, முழுக் கூடுமா? ரைபிள் கூட்டுக்கு ரீசைசிங் டை வைக்கும் நான்கு வழிகள்

சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி அளவுக்கு அமுக்கும் அச்சுதான் ரீசைசிங் டை. அதை வாங்கும் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். ஷெல் ஹோல்டரை (அமுக்கும் கருவியான பிரஸ்ஸில் கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டை) தொடும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று இறக்கு என்று அதில் போட்டிருக்கும். தோட்டாவை மறுபடி நிரப்பப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். நாலாவது, ஐந்தாவது தடவையில் கூட்டின் அடிப்பக்கம் வளையமாக விரிசல் விட்ட பிறகுதான் கேள்வி வருகிறது: கழுத்தை மட்டும் சைஸ் செய்திருக்கலாமோ? புஷிங் டை வாங்கியிருக்க வேண்டுமோ?

கேட்பவர்கள் இரண்டு வகை. ஆஸ்திரேலியா, கனடா பக்கம் வேலைக்குப் போய் அங்கே கிளப்பில் சுடுகிற கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினத்துக்காரர்கள் ஒரு வகை. அவர்கள் கையில் .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர் போன்றவை இருக்கும். ஊரிலேயே லைசென்ஸோடு .315 வைத்திருப்பவர்கள் மற்றவர்கள்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் போல்ட் ஆக்ஷன் ரைபிள், கழுத்துக்குக் கீழே சரியும் தோளால் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) நிற்கும் தோட்டா என்றால் சாதாரண முழுநீள டையே போதும். ஆனால் அதைக் காகிதம் சொல்லும் இடத்தில் வைக்கக் கூடாது. உங்கள் சேம்பர் சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். ஆகவே முதல் செலவு அளவுக் கருவிக்கு, டைக்கு அல்ல. விளிம்புள்ள .315க்குக் கணக்கு வேறு. அது தனியாகக் கீழே.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸும் தோட்டா தயாரிக்கும் லைசென்ஸும் ஒன்றல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் முன்னது 3ஆம் பிரிவு, பின்னது 5ஆம் பிரிவு. இரண்டாவது அனுமதி கையில் எழுத்தாக இல்லாமல் இந்தியாவில் ஒரு கூட்டைக்கூட நிரப்பக் கூடாது. கலெக்டர் ஆபீசில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பிரஸ் வாங்குவதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

சுட்ட நொடியில் பித்தளைக் கூடு சேம்பரின் சுவர்வரை விரிகிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு சொட்டு சுருங்குகிறது. அப்படி வெளியே வரும் கூடு உங்கள் சேம்பரின் வார்ப்பு மாதிரி. ரீசைசிங் டையின் வேலை அதை மறுபடி உள்ளே நுழையும் அளவுக்குச் சுருக்குவது. எவ்வளவு சுருக்குவது, எந்த இடத்தில் சுருக்குவது என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன. ஒவ்வொன்றையும் இந்த ஐந்தில் நிறுத்திப் பார்க்கலாம்:

- போல்ட் விரலால் தள்ளினாலே மூடுகிறதா, உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருக்கிறதா.
- ஒரு கூடு எத்தனை தடவை தாங்கும்.
- கழுத்தும் குண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா.
- டையின் விலைக்குமேல் பின்னால் வரும் செலவு என்ன. நேரமும் செலவுதான்.
- உப்புக்காற்றும் மணலும் அந்த வழியை எவ்வளவு கெடுக்கும்.

அளவு பேச ஒரு அலகு வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறையில் தவ் என்பார்கள், 0.0254 மி.மீ. இந்தக் கட்டுரை முழுக்க அதுதான். டையின் வெளி மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு முழுச் சுற்று 71 தவ். கால் சுற்று 18 தவ். ஒரு தவ் நகர்த்த டையை 5 டிகிரி திருப்பினால் போதும். மரையின் ஓரத்தில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. டையின் மேல் ஒரு மார்க்கர் கோடு, பிரஸ்ஸின் மேல் ஒரு கோடு. கோடு 1 மி.மீ. நகர்ந்தால் ஒரு தவ். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. காகிதம் கேஷுவலாகச் சொல்லும் கால் சுற்று எவ்வளவு பெரிய அளவு என்பதும் இதில் தெரியும்.

டையைத் தொடுமுன் அளக்க வேண்டியது

வேண்டியவை மூன்று: ஒரு தவ் காட்டும் வெர்னியர் காலிப்பர், அடியிலிருந்து தோள்வரை அளக்கக் காலிப்பரில் மாட்டித் தோளில் உட்காரவைக்கும் கம்பேரேட்டர் வளையம், உங்கள் ரைபிளிலேயே சுட்ட ஐந்து கூடுகள். .308க்கும் 6.5 கிரீட்மூருக்கும் 0.400 அங்குல வளையம், .30-06க்கு 0.375, .223 ரெமிங்டனுக்கு 0.330.

கூட்டின் அடியில் உள்ள பிரைமரை (தீமூட்டும் சின்ன மூடியை) முதலில் எடுத்துவிடுங்கள். சுட்ட பிரைமர் ஒரு சொட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு அளந்தால் இரண்டு மூன்று தவ் பொய் சொல்லும். பிரைமரை மட்டும் எடுக்கும் தனி டிகேப்பிங் டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சைசிங் டையை நிறைய மேலே ஏற்றிவைத்து, ஊசி மட்டும் எட்டும்படி செய்யலாம். எடுக்குமுன் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை என்றால் பாக்ஸர். இரண்டு சின்ன ஓட்டை என்றால் பெர்டான். பெர்டானில் இந்த ஊசியை இறக்கினால் ஊசிதான் ஒடியும்.

ஐந்தையும் அளந்து, அதில் நீளமானதை எழுதிக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். ஒருமுறை மட்டும் சுட்ட புதுக் கூடு சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று தடவை சுட்டதுதான் நிஜ அளவு காட்டும். கம்பேரேட்டரில் வரும் எண் உங்கள் வளையத்துக்கும் உங்கள் காலிப்பருக்கும் மட்டுமே பொருந்தும். .308க்கு, சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634 என்ற தர அளவோடு அந்த எண்ணை ஒட்டிப் பார்க்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது சுட்டதற்கும் சைஸ் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

வழி 1: கழுத்து மட்டும்

கழுத்து டை தோளையும் உடலையும் தொடாது. குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கும். இதிலேயே இரண்டு வகை. பழைய வகை வெளியிலிருந்து சுருக்கி, உள்ளே ஒரு உருண்டையை இழுத்து விரிக்கும். லீ கொலட் டை வேறு மாதிரி: விரல்கள் போன்ற துண்டுகள் கழுத்தை உள்ளே நிற்கும் கம்பியோடு சேர்த்து அமுக்கும். எண்ணெய் தேவையில்லை, கழுத்து நேராக நிற்கும். ஆனால் இதில் டை நிற்கும் இடம் மட்டும் முடிவு செய்யாது. பிரஸ் கைப்பிடியில் சுமார் 10 முதல் 12 கிலோ விசை கொடுத்து, அமுக்கு உணர வேண்டும். கை பழகும்வரை ஒரு கூட்டில் குண்டு இறுகும், அடுத்ததில் விரலாலேயே சுழலும்.

இதன் பேர்போன லாபம் கூட்டின் ஆயுள். உடல் பித்தளை அசையாததால் அடிப்பக்கம் மெலியாது. ஆனால் மறைந்திருக்கும் பாக்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் கூடு சேம்பரை இன்னும் ஒரு சொட்டு நிரப்பிக்கொண்டே போகும். மூன்று முதல் ஐந்து தடவைக்குள் போல்ட் கனக்க ஆரம்பிக்கும். அப்போது தோளைத் தள்ள ஒரு முழுநீள டையோ, கழுத்தை விட்டு உடலையும் தோளையும் மட்டும் அமுக்கும் பாடி டையோ எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ஒரு டை மிச்சம் என்று தொடங்கியவர் இரண்டு டையில் வந்து நிற்பார்.

எப்போது இது சரி: ஒரே ரைபிள், மிதமான அழுத்தத் தோட்டா, பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சுடுவது. எப்போது கூடாது: இன்னொருவர் ரைபிளில் சுட்ட கூடு, ஒரே வேளையில் வேகமாகப் போல்ட் இழுக்கும் போட்டி, அரைத் தானியங்கி. மேசைமேல் ரைபிளைத் தாங்கவைத்துத் துல்லியத்துக்குப் போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள்கூட இன்று பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் முழுநீளம்தான் சைஸ் செய்கிறார்கள். கழுத்து சைசிங் என்றாலே துல்லியம் என்ற பேச்சு பழைய நாளைய டைகளின் மிச்சம்.

வழி 2: காகிதம் சொன்னபடி முழுநீளம்

ஷெல் ஹோல்டரைத் தொட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, கைப்பிடி கடைசியில் டக்கென்று விழும்படி வைப்பது. டை செய்கிறவர் உலகத்திலுள்ள எந்தச் சேம்பரிலும் கூடு நுழைய வேண்டும் என்று நினைத்துச் செய்கிறார். அதனால் சின்னச் சேம்பருக்கு ஏற்ற மாதிரி சுருக்குகிறது. உங்களுடையது பெரிய பக்கம் இருந்தால் தோள் 6, 8, சில நேரம் 10 தவ்கூடப் பின்னால் போகும்.

போல்ட் வெண்ணெயாக மூடும்; அதில் குறை இல்லை. கூட்டின் ஆயுளில்தான் அடி விழும். சுடும்போது ரைபிளின் ஊசி கூட்டை முன்னே தள்ளும். மெல்லிய முன்பகுதி அழுத்தத்தில் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தடித்த அடி மட்டும் பின்னால் போல்ட் முகத்தைத் தேடி ஓடும். அந்த 8 தவ் நீளம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அடியிலிருந்து கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, கனமான பித்தளை முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்திலிருந்துதான் வரும். ஒவ்வொரு தடவையும் அங்கே இழுபட்டு மெலிந்து, ஒரு நாள் வளையமாக அறும். அறும்போது வெடிவாயு போல்ட் பக்கம் பீறிடும். கண்ணாடி இல்லாமல் சுடுகிறவருக்கு அது கண் போகிற விஷயம்.

எப்போது இது சரி: பலர் பல ரைபிளில் சுட்டுப் போட்ட கூடுகளை முதல் முறை சைஸ் செய்யும்போது. அரைத் தானியங்கியில், டையை முழுக்க இறக்கி வைத்தும் அடிப்பக்கம் சிக்கினால், அதைவிட ஒன்றிரண்டு தவ் இறுக்கும் ஸ்மால் பேஸ் டைவரை போகலாம். மற்றபடி, நாலு தடவையில் கூட்டை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் வசதி உள்ளவருக்கு.

வழி 3: அதே டை, அளந்து வைத்தது

டை அதேதான். இடம்தான் வேறு. போல்ட் ஆக்ஷனுக்கு தோள் 1 முதல் 2 தவ் பின்னால் போனால் போதும். அரைத் தானியங்கிக்கு 3 முதல் 5. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது.

பிரஸ்ஸில் கூட்டை மேலே தள்ளும் தண்டான ராமை உச்சிக்கு ஏற்றி, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்குங்கள். பிறகு அரைச் சுற்று மேலே ஏற்றுங்கள். 36 தவ் இடைவெளி. கூட்டின் உடலில் லூப் (வழுக்கெண்ணெய்) மெல்லிசாகத் தடவி, கழுத்தின் உள்ளேயும் ஒரு தொடுதல் தந்து, சைஸ் செய்து, துடைத்து அளங்கள்.

இங்கேதான் கல். எண் குறைந்திருக்காது, கூடியிருக்கும். 1.632 இருந்தது 1.635 ஆகியிருக்கும். டை முதலில் உடலைப் பக்கவாட்டில் அமுக்குகிறது. அமுங்கிய பித்தளை போக வழியில்லாமல் தோளை முன்னே தள்ளுகிறது. பற்பசை டியூபின் நடுவைப் பிடித்த மாதிரி. டையின் தோள் இன்னும் கூட்டின் தோளைத் தொடவே இல்லை. இந்த நிலையில் கூடு சுட்டபோது இருந்ததைவிட நீளம். சேம்பரில் மூடவே மூடாது. மேலோட்டமாகச் சைஸ் செய்தாலும் கனமாக இருக்கிறதே என்று குழம்பி, பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் வழி 2க்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம், இன்னும் இறக்க வேண்டும்.

எட்டில் ஒரு சுற்று (9 தவ்) இறக்கி, வேறொரு சுட்ட கூட்டில் பாருங்கள். எண் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் இடம் வந்ததும் படியைச் சுருக்குங்கள்: பதினாறில் ஒரு சுற்று, பிறகு கோட்டைப் பார்த்து 2 மி.மீ., 1 மி.மீ. நீளமான கூட்டைவிட 2 தவ் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய சுட்ட கூடு வேண்டும். ஒரே கூட்டையே திரும்பத் திரும்ப அமுக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போய், டை சரியான இடத்தில் இருப்பதாகக் காட்டும். அடுத்த கூட்டில் பல் இளிக்கும்.

டையை இடத்தில் பூட்டும் லாக் ரிங்கை இறுக்கும்போது டைக்குள் ஒரு கூடு இருக்கட்டும், ராம் மேலே இருக்கட்டும். காலியாக இறுக்கினால் மரையின் தொளதொளப்பில் ஒரு தவ் ஓடிவிடும். பிறகு மூன்று கூடு சைஸ் செய்து மறுபடி அளங்கள். கடைசிச் சோதனை எண்ணில் இல்லை, கையில் இருக்கிறது: போல்ட்டிலிருந்து ஊசியையும், கூட்டை வெளியே தட்டும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, வெற்றுக் கூட்டைச் சேம்பரில் வைத்து மூடுங்கள். கைப்பிடி தன் கனத்திலேயே விழுந்தால் இடம் கிடைத்துவிட்டது. கடைசியில் விரலால் ஒரு தொடுதல் கேட்டால், அதுவும் பெஞ்சுக்கு நல்லதே.

டை ஷெல் ஹோல்டரில் முட்டிய பிறகும் தோள் போதுமான அளவு போகவில்லை என்றால்? கூடு உள்ளே இருக்கும்போது ராம் மேலே போய் நின்றதும் டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பிரஸ் வளைகிறது. டையை இன்னும் கொஞ்சம் இறக்கி அந்த நெகிழ்வை விழுங்க வைக்க வேண்டும். வெளிச்சமே தெரியாமல் முட்டி நின்றும் போதவில்லை என்றால் சேம்பர் குட்டை. ஷெல் ஹோல்டரின் மேல்முகத்தை 5 தவ் குறைப்பது எளிய வழி. அது கடினப்படுத்திய இரும்பு. லேத் உளியில் நிற்காது, சர்ஃபேஸ் கிரைண்டரில் கொடுக்க வேண்டும். டையைத் தொடாதீர்கள். ஷெல் ஹோல்டர் கெட்டால் சின்னச் செலவு.

டையைத் திருப்பித் திருப்பி வைப்பது தொல்லை என்பவர்களுக்கு ரெட்டிங்கின் காம்பெட்டிஷன் ஷெல் ஹோல்டர் செட் உண்டு: 2, 4, 6, 8, 10 தவ் உயரம் கூடிய ஐந்து. டை எப்போதும் முட்டி நிற்கும். ஷெல் ஹோல்டரை மாற்றினால் அளவு மாறும். லாக் ரிங்குக்கு அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடும் இதே வேலையைக் குறைந்த காசில் செய்யும். இரண்டு ரைபிளுக்கு ஒரே டை வைத்திருப்பவருக்கு ஷிம்தான் தோது.

மறைமுகச் செலவு: கம்பேரேட்டர், ஒரு மாலை நேரம், சோதனையில் போகும் எட்டுப் பத்துக் கூடு. அதன்பின் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு கூடு அளப்பது. பித்தளை சுடச்சுட விறைக்கும். விறைத்தால் அமுக்கியதும் மீண்டு வரும், அதே டை இடத்தில் 2 தவ் தள்ளியது 1 தவ்வாகக் குறையும். ராம் மேலே இருக்கும்போது மூன்று நான்கு விநாடி நிறுத்திப் பிடித்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

வழி 4: புஷிங் டை

உடலையும் தோளையும் வழி 3 போலவே அளந்து தள்ளும். கழுத்துக்கு மட்டும் மாற்றக்கூடிய ஒரு வளையம். வளையங்கள் ஒரு தவ் வித்தியாசத்தில் கிடைக்கும். நிரப்பிய தோட்டாவின் கழுத்தை அளந்து அதைவிட 2 தவ் சின்ன வளையம் எடுக்க வேண்டும். .308இல் நிரப்பிய கழுத்து 0.336 என்றால் வளையம் 0.334.

லாபம் புரிந்துகொள்ள, சாதாரண டை கழுத்தைப் படுத்தும் பாட்டைப் பார்க்க வேண்டும். அது எந்தப் பித்தளைக்கும் போதும்படி கழுத்தை அதிகமாகச் சுருக்கி, பிறகு உள்ளே உருண்டையை இழுத்து விரிக்கிறது. தேவைக்குமேல் போய் வந்ததால் கழுத்து சீக்கிரம் வெடிக்கிறது. இழுப்பில் சில நேரம் கோணுகிறது. தோளையும் ஒரு தவ் முன்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. புஷிங் அந்த இரட்டை வேலையை ஒழிக்கிறது.

ஆனால் டை ஒரு விலை, வளையம் தனி விலை, ஒரே வளையத்தோடு யாரும் நிற்பதில்லை. வேறு கம்பெனிக் கூடு வாங்கினால் கழுத்துத் தடிமன் மாறும், வளையமும் மாறும். தடிமன் சீராக இல்லாத கழுத்தை உருண்டை இல்லாமல் சைஸ் செய்தால் கோணல் உள்ளே போகும். அதைத் தீர்க்கக் கழுத்தைக் கடைய வேண்டும், அதற்கு ஒரு கருவி. கழுத்தின் அடியில் தோளோடு சேரும் ஒரு சின்ன வளையம் சைஸ் ஆகாமலும் நிற்கும். தடிமன் ஒரு தவ்வுக்குள் சீரான நல்ல கூடு வைத்திருக்கும் போட்டிக்காரருக்கு இது சரி. மற்றவர்களுக்கு, வழி 3இல் கழுத்தின் உள்ளே லூப் போட்டாலே வித்தியாசத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

| | போல்ட் | கூட்டின் ஆயுள் | கழுத்து நேர்மை | பின்னால் வரும் செலவு | உப்பும் மணலும் |
|---|---|---|---|---|---|
| கழுத்து மட்டும் | 3–5 தடவையில் கனக்கும் | நல்லது | கொலட்டில் மிக நல்லது | இரண்டாவது டை | எண்ணெய் இல்லை, மணல் ஒட்டாது. சேம்பரில் ஒரு மணல் இருந்தாலும் முட்டும் |
| காகிதம் சொன்ன முழுநீளம் | மிக எளிது | மோசம் | சுமார் | கூடு, கூடு, கூடு | எல்லாவற்றையும் தாங்கும் |
| அளந்த முழுநீளம் | எளிது | நல்லது | லூப் போட்டால் நல்லது | கம்பேரேட்டர், நேரம் | லூப்பைத் துடைக்க வேண்டும் |
| புஷிங் | எளிது | மிக நல்லது | கூடு நல்லதானால் மிக நல்லது | வளையங்கள், கழுத்துக் கடைசல் | இரும்பு வளையம் துருப்பிடிக்கும் |

.315 வைத்திருப்பவர்களுக்கு

.315 விளிம்புள்ள கூடு. பழைய 8×50 மேன்லிக்கரின் வாரிசு. .303 இந்தியாவில் தடைசெய்த ரகம் என்பதால் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலையிலிருந்து வந்த .315 நம் ஊர்ப் பக்கம் அதிகம். இதில் கூட்டைப் பின்னால் பிடித்து நிறுத்துவது விளிம்பு, தோள் அல்ல. அதனால் ரைபிள் செய்பவர்கள் தோள் பக்கம் தாராளமாக இடம் விடும் பழக்கம் உண்டு. தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டதும் தோள் எவ்வளவு முன்னே போயிருக்கிறது என்று சுடாத தோட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கூட்டைக் காகிதம் சொன்னபடி முழுநீளம் சைஸ் செய்தால் ஒவ்வொரு தடவையும் தோள் பழைய இடத்துக்குப் போய், மறுபடி முன்னே ஓடும். இரண்டு மூன்று தடவையிலேயே அடி அறும். இங்கே கழுத்து சைசிங்தான் முதல் தேர்வு. அல்லது முழுநீள டையை நன்றாக மேலே ஏற்றி வைத்து, கழுத்தின் முக்கால் பாகம் மட்டும் சைஸ் ஆகும்படி செய்யலாம். முதல் தடவை சுட்டதும் கூடு விளிம்பை விட்டுத் தோளில் நிற்கத் தொடங்கும். அதன்பின் அது தோளில் நிற்கும் தோட்டா மாதிரிதான். போல்ட் கனத்தால் 1 தவ் தள்ளினால் போதும்.

உப்பு, மணல், கருவாடு

பாம்பன் ரயில் பாலத்தை 1914இலிருந்து அரித்துத் தின்ற காற்று இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்டும் போட்டார்கள். டையின் உள்முகத்துக்குப் பெயின்ட் அடிக்க முடியாது. மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடிப் பக்கம் எண்ணெய் இல்லாமல் மேசையில் விட்ட டையில் சில நாளிலேயே செம்புள்ளி வரும். அந்தப் புள்ளி ஒவ்வொரு கூட்டிலும் கீறல் போடும். வேலை முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் எண்ணெய், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். மறுநாள் எடுத்ததும் உள் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். விட்டால் அந்த எண்ணெய் கூட்டின் தோளில் குழி போடும். எண்ணெய் அமுங்காது, பித்தளைதான் அமுங்கும்.

கச்சான் வீசும் மாதங்களில் திறந்த திண்ணையில் லூப் தடவிய கூட்டை வைத்தால் மணல் பூசிய முறுக்கு மாதிரி ஆகிவிடும். அந்த மணல் டையின் உள்ளே நிரந்தரக் கீறல். உள் அறையில் சைஸ் செய்யுங்கள். டையின் பக்கத்தில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். மணலும் லூப்பும் சேர்ந்து அதை அடைத்தால் எவ்வளவு அளவாக லூப் போட்டாலும் தோளில் குழி விழும். ஊசியால் குத்திப் பாருங்கள்.

கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் கூடுகளை வைக்க வேண்டாம் என்பது வாசனைக்காகச் சொல்வதல்ல. மீன் அழுகும்போது அம்மோனியா வரும். இழுவிசை உள்ளே தங்கிய பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயத்தை ஒட்டி வைத்த தோட்டாக்களில் கழுத்து வெடித்ததற்குக் காரணம் குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் என்று 1921இல்தான் தெளிவாயிற்று. சைஸ் செய்த கழுத்தில் அந்த இழுவிசை தங்கியே இருக்கும். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷும் இதே காரணத்துக்காக ஆகாது.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் கூட்டையும் புளியில் போடத் தோன்றும். புளியின் அமிலம் கறையை எடுக்கும், தப்பில்லை. ஆனால் கடைப்புளியில் உப்பு கலந்திருக்கும். ஊறவும் விடக் கூடாது, நேரம் போனால் துத்தநாகம் கரைந்து கூடு செம்பு நிறமாகும். சிட்ரிக் அமிலம் அரை டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீர், பத்து நிமிடம் போதும். கடைசி அலசலுக்குக் கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, முழுக்கக் காயவைத்த பிறகு டைப் பக்கம் கொண்டுபோங்கள். லூப்புக்காக லானோலினை (ஆட்டு ரோமக் கொழுப்பை) கரைக்க வாங்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் இதே கவனம்: மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். 99 சதவீதம் வாங்கி, 1 பங்கு லானோலினுக்கு 10 முதல் 12 பங்கு கலக்கி, தெளித்த பின் ஆறேழு நிமிடம் ஆவியாக விடுங்கள். ஈரமாகவே டைக்குள் தள்ளினால் கூடு சிக்கிக்கொள்ளும்.

கோளாறு தெரிந்தால் எங்கே தேடுவது

போல்ட் கனக்கிறது, கம்பேரேட்டரோ 2 தவ் தள்ளியதாகச் சொல்கிறது என்றால் தோள் குற்றவாளி அல்ல. கூட்டின் மொத்த நீளத்தைப் பாருங்கள்; .308இல் 2.015 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் 2.005க்கு வெட்ட வேண்டும். அதுவும் சரியென்றால் கூடு முழுக்க மார்க்கர் பூசிச் சேம்பரில் வைத்து மூடி எடுங்கள். எங்கே மை உரசியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது: அடிப்பக்கம் என்றால் டை உடலைப் போதுமான அளவு சுருக்கவில்லை, கழுத்துக்கும் தோளுக்கும் சேரும் இடம் என்றால் உருண்டை இழுத்துவிட்டது.

ஒரே டை இடத்தில் ஒரு கூடு 1.629, அடுத்தது 1.632 என்று தாவினால் முதலில் லூப்பைச் சந்தேகியுங்கள், அடுத்து கூடுகள் ஒரே எண்ணிக்கை சுட்டவையா என்று பாருங்கள். இரண்டாவது தடவைக் கூடும் ஏழாவது தடவைக் கூடும் கலந்த டப்பாவில் எந்த டையும் நிலையாக நிற்காது.

அடியில் பளபளவென்ற கோடு வட்டமாகத் தெரிந்தால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்து, நுனியை எல் மாதிரி வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரை உரசி இழுங்கள். கோடு இருக்கும் இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் அந்தக் கூட்டைப் பிளையரால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளைக்குப் போடுங்கள். அதே தொகுதியில் சுட்ட மற்றக் கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கிளிப் விட்டுப் பார்க்காமல் நிரப்ப வேண்டாம்.